சைக்கிள்காரனுக்குக் கமிட்டியில் நாற்காலி எங்கே?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் தோழர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



கூலி உயர்வு, பஞ்சப்படி, வேலை நேரம் என்று பேசத்தான் வழக்கமாக நாம் கூடுகிறோம். இன்று நான் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறேன். “கட்சிக் கூட்டத்தில் சைக்கிள் புராணமா?” என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள், தோழரே. ஆனால் இரவு ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அந்தச் சிரிப்பு உங்களிடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைப் பேசுகிறேன்.

2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் ஒரு விவரம் எடுத்தார்கள். வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். வயல் வேலைக்காரரையும் வீட்டுத் தொழில் செய்பவரையும் விட்டுவிட்டு, மற்ற வேலைக்காரர் 20 கோடிப் பேர். அவர்களில் 100-க்கு 22 பேருக்கு மேல் நடந்து போகிறார்கள். 13 பேர் சைக்கிளில் போகிறார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் 11 பேர். காரிலும் ஜீப்பிலும் வேனிலும் போகிறவர்கள் எத்தனை பேர்? மூன்று பேர்கூட இல்லை. விவசாயத் தொழிலாளியை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கரும்புக் காட்டுக்கும் நாற்றங்காலுக்கும் அவன் பறந்தா போகிறான்? 2021-ல் எடுக்க வேண்டிய ஜனக்கணக்கு தள்ளிப்போயிற்று. இடையில் பலர் தவணைக்கு மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் வாங்கியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் இந்த நாட்டு ரஸ்தாவில் காலையும் மாலையும் காலால் மிதித்தும் நடந்தும் போகிறவன் உழைப்பாளிதான்.

ரஸ்தா யாருக்காகப் போடப்படுகிறது என்று இப்போது பாருங்கள். மூன்று பேருக்கு நடுவில் அகலமான இடம். மற்றவர்களுக்கு ஓரம். அந்த ஓரம் எப்படி இருக்கிறது? தாருக்கும் மண்ணுக்கும் இடையில் அரை அடிப் பள்ளம். சாக்கடைக் கம்பியின் இடைவெளி சைக்கிள் சக்கரத்தை விழுங்கும் அளவுக்கு இருக்கிறது. அதைத் தாண்டினால் நிறுத்தி வைத்த லாரி. லாரியைச் சுற்றிப் போக நடுவே ஒதுங்கினால் பின்னால் ஹாரன். மில் கேட்டுக்கு எதிரே நடுச்சுவரை மூடிவிடுகிறார்கள். எதிர்ப்பக்கம் போக வேண்டியவன் அரை மைல் போய்த் திரும்பி வரவேண்டும். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்த கால் அது. அவன் எதிர்த் திசையிலேயே ஓரமாக வந்துவிடுகிறான். அடிபட்டால் பத்திரிகையில் என்ன வருகிறது? “தவறான திசையில் வந்த சைக்கிள்காரர் பலி.” நடுச்சுவரை மூடியவன் பெயர் அதில் வருவதில்லை.

2022-ஆம் வருஷத்தில் இந்த நாட்டு ரஸ்தாக்களில் செத்தவர்கள் 1,68,491 பேர். சர்க்காரே வெளியிட்ட கணக்கு இது. நாளொன்றுக்கு 461 பேருக்கு மேல் என்று ஆகிறது. இவர்களில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். சைக்கிளில் போனவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். நாட்டு ரஸ்தா நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை 100-க்கு 2 பங்குதான். சாவிலோ அதன் பங்கு 100-க்கு 36. ஊரைப் பிளந்துகொண்டு அந்த நெடுஞ்சாலை போகிறது. குடிசைகள் ஒரு பக்கம், வயல் மறுபக்கம். புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு அதைக் கடப்பவன் நம் ஆள்.

“எல்லாம் விதி, தோழரே” என்று சொல்கிறவர்கள் நமக்குள்ளும் இருக்கிறார்கள். தறியில் கை சிக்கினால் விதி என்றா சொல்கிறோம்? காவல் தகடு எங்கே என்று கேட்கிறோம். அதே கேள்வியை ரஸ்தாவில் ஏன் கேட்கக்கூடாது? வேகம் இரண்டு மடங்கானால் மோதும் அடி நாலு மடங்காகும். இது பள்ளிக்கூடப் பாடம். வண்டிகளின் சராசரி வேகம் 100-க்கு 1 பங்கு கூடினால் சாவில் முடியும் மோதல் 100-க்கு 4 பங்கு கூடுகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. நடப்பவரும் சைக்கிளும் மோட்டாரும் கலந்து போகும் இடத்தில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மந்திரிகள் மாநாடு பிரகடனம் செய்தது. வேகத்தைக் குறைக்கும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரஸ்தாவைக் குறுக்கலாம், மேடு போடலாம், முனையை வளைக்கலாம். செய்ய மனம்தான் வேண்டும்.

சரி, இதையெல்லாம் யார் தீர்மானிக்கிறார்கள்? இங்கேதான் கமிட்டி வருகிறது.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 215-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. டில்லிக்கு ஒரு கவுன்சில், ராஜ்யத்துக்கு ஒரு கவுன்சில், ஜில்லாவுக்கு ஒரு சாலைப் பாதுகாப்புக் கமிட்டி அமைக்கலாம் என்கிறது. அமைக்கலாம்! அமைத்தே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. அங்கத்தினர் யார்? சர்க்கார் யாரை அவசியமென்று கருதுகிறதோ அவர்கள். கலெக்டர் தலைமை வகிக்கிறார். போலீஸ் அதிகாரி, நெடுஞ்சாலை இன்ஜினீயர், போக்குவரத்து அதிகாரி, நகராட்சி அதிகாரி உட்காருகிறார்கள். வீட்டு வாசலில் கார் ஏறி, ஆபீஸ் வாசலில் இறங்கும் கனவான்கள் இவர்கள். நல்லவர்களும் இருப்பார்கள், நான் தனிநபர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மழைநாளில் சாக்கடைக் கம்பியில் சக்கரம் மாட்டி விழுந்தவன் ஒருவன்கூட அந்த மேஜையில் இல்லையே! இப்படிப்பட்ட கமிட்டி என்ன யோசனை சொல்லும்? சைக்கிள்காரர்கள் பளிச்சென்ற சட்டை போடவேண்டும், தலைக்கவசம் அணியவேண்டும், ஜாக்கிரதையாகப் போகவேண்டும். ஒரு வாரம் விழிப்புணர்ச்சி ஊர்வலம். முடிந்தது வேலை.

பளிச்சென்ற சட்டை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சைக்கிளின் பின்மட்கார்டில் சிவப்பு வில்லை ஒட்டிக்கொள்ளுங்கள். நல்லதுதான். ஆனால் கொலைகாரனை விட்டுவிட்டுச் செத்தவனுக்குப் புத்தி சொல்வது எந்த ஊர் நியாயம்?

வேறு மாதிரிக் கமிட்டியும் நம் நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. 2014-ஆம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தைப் பாருங்கள். பட்டணத்துக்கொரு வியாபாரக் கமிட்டி அமைக்கவேண்டும். அதில் 100-க்கு 40 பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்கவேண்டும். சர்க்கார் பொறுக்கி எடுப்பதல்ல, அவர்களே தேர்தல் நடத்தி அனுப்புவது. அந்த 40-ல் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இதை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. வருஷக்கணக்கில் வியாபாரிகள் சங்கம் கட்டிப் போராடி வாங்கியது. அமுலில் ஆயிரம் கோளாறு உண்டு, அது வேறு கதை. தள்ளுவண்டிக்காரருக்கு நாற்காலி உண்டென்றால், அதே தெருவில் சைக்கிள் மிதிப்பவனுக்கும் நடப்பவளுக்கும் ஏன் இல்லை?

“நாற்காலி கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? சீர்திருத்தவாதம் பேசுகிறீர்களே!” என்று இளம் தோழர் ஒருவர் முன்னமே என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. பதில் சொல்ல மூன்று ஊர்க் கதை சொல்கிறேன்.

முதல் கதை நம் சென்னையுடையது. 2014-ல் சென்னைக் கார்ப்பரேஷன் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கை நிறைவேற்றியது. இந்தியாவிலேயே இப்படிச் செய்த முதல் நகரம் என்று பெயர் வாங்கியது. படித்துப் பார்த்தால் நம் ஆட்களே எழுதியது போல இருக்கும். போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 100-க்கு 60 பங்கு நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் செலவாகவேண்டும். 100 தெருவில் 80 தெருவிலாவது நடைபாதை இருக்கவேண்டும். 2018-க்குள் நடப்பவர், சைக்கிள்காரர் சாவு ஒன்றுகூட இருக்கக்கூடாது! எவ்வளவு அழகான வாசகம்! 2018 வந்தது, போயிற்று. சாவு நிற்கவில்லை. சில ரஸ்தாக்களில் நடைபாதை அகலமாயிற்று. 2019-ல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடப்பவருக்கென்று விஸ்தாரமான பாதை திறந்தார்கள். நல்ல காரியம், பாராட்டலாம். ஆனால் துணிக்கடை வீதியில் வழுவழுப்பான கல் பதித்தால் வியாசர்பாடியில் சைக்கிள் மிதிக்கிறவனுக்கு என்ன ஆயிற்று? கொள்கை காகிதத்தில் இருந்தது. அதைப் பிடித்து உலுக்க வேண்டிய கை தெருவில் இல்லை.

இரண்டாவது கதை கல்கத்தா. அங்கே 2008-ல் சில ரஸ்தாக்களில் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். 2013-ல் அது 174 ரஸ்தாவாக வளர்ந்தது. காரணம்? சைக்கிளால் போக்குவரத்து மெதுவாகிறதாம்! பால்காரன், பேப்பர் போடுகிற பையன், கூலி வேலைக்காரி எல்லோரும் அபராதம் கட்டினார்கள். ஜனங்கள் கிளர்ச்சி செய்த பிறகு பட்டியலைக் குறைத்தார்கள். எந்த ஆட்சியில் துவங்கினாலும் எந்த ஆட்சியில் வளர்ந்தாலும் இது ஏழை விரோதக் காரியமே. சைக்கிளைக் காப்பாற்றுவதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு, சைக்கிளையே ரஸ்தாவிலிருந்து விரட்டிவிடுவது. மேஜையில் நாம் இல்லாதபோது இந்த யோசனைதான் முதலில் வரும்.

மூன்றாவது கதை ஹாலந்து. இன்று சைக்கிள் நாடு என்று பெயர் வாங்கிய தேசம். பிறக்கும்போதே அப்படிப் பிறந்ததென்று நினைக்காதீர்கள். யுத்தம் முடிந்தபின் அங்கேயும் கார் பெருகிற்று. கார் விடுவதற்காகத் தெருக்களை இடித்து அகலமாக்கினார்கள். 1971-ல் அந்தச் சின்ன தேசத்தில் சுமார் 3,300 பேர் ரஸ்தாவில் செத்தார்கள். அதில் 400-க்கு மேல் குழந்தைகள். 1972-ல் ஒரு பத்திரிகைக்காரர், பள்ளிக்குச் சைக்கிளில் போன தன் மகளைப் பறிகொடுத்தவர், பத்திரிகையில் எழுதினார். “குழந்தைக் கொலையை நிறுத்து” என்பது தலைப்பு. விபத்து என்று எழுதவில்லை, கொலை என்று எழுதினார்! அந்தத் தலைப்பே இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர்கள் தெருவை மறித்தார்கள். விபத்து நடந்த இடங்களில் கூடினார்கள். குழந்தைகளைத் தெருவில் விளையாட விட்டார்கள். 1973 கடைசியில் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாதென்று சர்க்கார் சொன்னபோது, கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்று ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். 1975-ல் சைக்கிள்காரர்கள் தனியே ஒரு சங்கம் கட்டினார்கள். அப்புறம்தான் சர்க்கார் இவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தது. தனிப் பாதைகள் வந்தன. குடியிருப்புத் தெருவில் கார் மனிதன் நடக்கும் வேகத்தில்தான் போகவேண்டும் என்று 1976-ல் சட்டம் வந்தது. இன்று அங்கே ரஸ்தாச் சாவு வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் கீழ். ஹாலந்தில் சோஷலிஸம் வந்துவிடவில்லை. அங்கேயும் முதலாளிதான் ஆள்கிறான். ஆனால் தெருவில் நின்றவர்கள் கமிட்டிக்குள் போனார்கள், போன பிறகும் தெருவை விட்டு வரவில்லை. இளம் தோழருக்கு இதுதான் என் பதில்.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. 2012-ல் கோயமுத்தூர் கங்கா ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் எஸ். ராஜசேகரன் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்குப் போட்டார். முறிந்த காலையும் உடைந்த இடுப்பையும் தினம் பார்த்துச் சலித்தவர். அந்த வழக்கில்தான் 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் கமிட்டி போட்டார்கள். ஜில்லாதோறும் பாதுகாப்புக் கமிட்டி இருக்கவேண்டும் என்று 2017 நவம்பரில் கோர்ட்டு உத்தரவிட்டது. அதே வழக்கில் 2025 அக்டோபரில் இன்னொரு உத்தரவு: நடப்பவரும் மோட்டார் இல்லா வண்டியும் ரஸ்தாவில் போவது பற்றி ராஜ்ய சர்க்கார்கள் ஆறு மாதத்தில் விதி எழுதவேண்டும். ஆக, ஜில்லாக் கமிட்டி இனி தயவில் கிடைப்பதல்ல. கோர்ட்டு உத்தரவில் நிற்பது. கூடவில்லை என்றால், ஏன் கூடவில்லை என்று கேட்க நமக்கு வாய் இருக்கிறது. ஆனால் விதி என்பது இரண்டு பக்கமும் வெட்டும். சைக்கிளுக்குப் பாதை போடவும் விதி எழுதலாம். கல்கத்தாவைப் போல் விரட்டவும் எழுதலாம். எது எழுதப்படுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது நம் வேலை.

இந்திய ரோடு காங்கிரஸ் என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டுக் கட்சி என்று பயந்துவிடாதீர்கள், 1934-ல் ஏற்பட்ட இன்ஜினீயர்கள் ஸ்தாபனம். நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்கவேண்டும், அதன் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆறடி அகலம், அரை அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழக்கயிறு இருந்தால் நீங்களே அளந்துவிடலாம். 2019-ல் மோட்டார் சட்டத்தைத் திருத்தியபோது 198-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ரஸ்தாவின் அமைப்பிலோ பராமரிப்பிலோ பாதுகாப்பு விதியை மீறி, அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால் அதிகாரிக்கும் கண்டிராக்டருக்கும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். டிரைவரைப் பிடித்து உள்ளே போடுகிறார்களே, நடுச்சுவரைத் தப்பாகக் கட்டிய கண்டிராக்டரைப் பிடித்ததாக நம் கேட்டில் யாராவது கேள்விப்பட்டதுண்டா?

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பல குடும்பங்களுக்கு இது தெரியாமலே போகிறது. அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும் நஷ்ட ஈடு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. அதற்கு முன்னால் 25,000-மும் 12,500-மும்தான். போலீஸில் புகார் பதிந்து, உங்கள் பகுதி வருவாய்த்துறை விசாரணை அதிகாரியிடம் மனுக் கொடுக்கவேண்டும். இன்னொன்று. வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் அடிபட்டால் அது வேலையில் பட்ட அடியாகவே கருதப்படும் என்று ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் சேர்த்தார்கள். ஈ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளிக்கும் அந்த நியாயம் பொருந்தும் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியது. 2003-ல் வேலைக்குப் போகும் வழியில் செத்த ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் குடும்பம் 22 வருஷம் வழக்காடிப் பெற்றது அந்தத் தீர்ப்பு. நாம் எதிர்க்கிற புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த வாசகம் இருக்கிறது. ஆகவே வழியில் ஒருவர் விழுந்தால், ஷிப்டு நேரம், புறப்பட்ட நேரம், எந்த வழி, எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். “டீக்கடைக்குப் போனான், எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று மானேஜர் சொல்வதற்கு இடம் வைக்கக்கூடாது.

கிராமத்துத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 1991, 92-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் விடக் கற்றார்கள். கல்லுடைக்கும் பெண்ணும் களையெடுக்கும் பெண்ணும் புருஷனையும் பஸ்ஸையும் எதிர்பார்க்காமல் கிளம்பினார்கள். அவர்கள் பேத்திகளுக்கு இன்று பள்ளிக்கூடத்தில் சர்க்கார் சைக்கிள் கொடுக்கிறது. 2001-02-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று துவங்கிப் பிறகு மற்ற மாணவர்களுக்கும் விரிந்த திட்டம் அது. சைக்கிள் கொடுத்த சர்க்கார் அந்தப் பெண் அதை ஓட்டிப்போக ரஸ்தா கொடுத்ததா? ஊர்க் கூட்டு ரோட்டில் நின்று பாருங்கள், தெரியும்.

இனி செய்யவேண்டியது. ஜில்லா சாலைப் பாதுகாப்புக் கமிட்டிக்கு ஒரு மகஜர் கொடுக்கப் போகிறோம். தொழிற்சங்கத்துக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் கமிட்டியில் இடம், அதில் பெண் ஒருவராவது. ஷிப்டு மாறும் நேரத்தில் மில் கேட்டுகளுக்கு எதிரே கடக்க வழியும் விளக்கும். கமிட்டி கூடும் தேதியும் எடுத்த முடிவும் கலெக்டர் ஆபீஸ் பலகையில் ஒட்டவேண்டும். ஆள் செத்த இடத்தை ஒரு மாதத்துக்குள் இன்ஜினீயர் வந்து பார்த்து எழுத்தில் பதில் சொல்லவேண்டும். இதற்கு மேல் கூட்டிக் குறைப்பதை நீங்கள் சொல்லுங்கள்.

வெறும் கையோடு போனால் “பார்க்கிறோம்” என்று அனுப்பிவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு கேட்டிலும் ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கவேண்டும். விழுந்தவர், அடிபட்டவர், தப்பியவர் எல்லோர் விவரமும் அதில் ஏறட்டும். எந்த இடம், என்ன நேரம், விளக்கு எரிந்ததா, பள்ளம் எவ்வளவு ஆழம், என்ன வண்டி, வண்டி நின்றதா. எழுதத் தெரியாதவர் சொல்ல, தெரிந்தவர் எழுதட்டும். முதல் கணக்கை அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கேயே பார்ப்போம். வரும்போது நோட்டோடு அளவு கயிறும் கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் நாமே போய் ரஸ்தா ஓரத்தை அளந்துவிட்டு வரலாம்.